பஸ் நிற்காத இடம்

கிருபாகரனுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அவன் அப்பா ஸ்டான்லி, "கம்ப்யூட்டர்ல ஆளுங்கள எட போடுறான்" என்பார். கல்பாக்கம் குடியிருப்பில் ஒரு கான்டீனில் பாத்திரம் கழுவி ஓய்ந்த மனிதர். டேட்டா சயன்டிஸ்ட் என்கிற பட்டத்துக்கு அதைவிட நேர்மையான தமிழ் இன்றுவரை யாரும் சொல்லவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு, முகம் பார்த்திராத மனிதர்களைத்தான் அவன் பன்னிரண்டு வருடமாக எடை போட்டுவந்தான். யார் காப்பீட்டைப் பாதியில் விடுவார், யார் எந்தக் கடைக்குத் திரும்பி வருவார், யார் வேலையில் நிலைப்பார். தராசு மட்டும்தான் அவனுடையது. எடைக்கல் வேறு யாருடையதோ.

சொந்த ஊர் தாழைப்பாக்கம். புதுப்பட்டினத்தைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் வரும். அந்தச் சின்ன ஊருக்கு இரண்டு பஸ் ஸ்டாப். முதலில் ஊர் ஸ்டாப். நிழற்குடை உண்டு, சிமென்ட் பெஞ்சு உண்டு, நன்கொடையாளர் பெயர் பெரிய எழுத்தில் உண்டு. அங்கிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் காலனி ஸ்டாப். ஒரு தகரக் கம்பம், அவ்வளவுதான். இத்துனூண்டு ஊருக்கு எதற்கு இரண்டு ஸ்டாப் என்று வெளியூர்க்காரன் கேட்பான். உள்ளூர்க்காரன் கேட்க மாட்டான். பண்ணை வயல்களில் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு நட்டவர்கள் ஒரு பக்கம், நிலம் வைத்திருந்தவர்கள் ஒரு பக்கம். சர்ச்சுக்குப் போனாலும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினாலும், காலனிக்காரர்களுக்கு அந்தத் தகரக் கம்பம்தான்.

கல்லூரி நாட்களில் கிருபாகரன் ஊர் ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுவான். கூட வரும் நண்பர்கள் பஸ்ஸில் இருப்பார்கள். பஸ் கண்ணிலிருந்து மறையும்வரை ஷூ லேஸைக் கட்டுவதுபோல் குனிந்திருந்துவிட்டு, பிறகு காலனிக்கு நடப்பான். அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. கல்யாணமாகிப் படூரில் அடுக்குமாடி வீடு வாங்கிய பிறகு நினைப்பதையும் விட்டுவிட்டான்.

போன வருடம் அலுவலகத்தில் ஒரு புயல் வந்தது. ஆட்களை எடை போடும் கணிப்பு மாடல்களைத் தானே கட்டிக்கொள்ளும் மென்பொருளை நிர்வாகம் வாங்கிப் போட்டது. இனி இத்தனை டேட்டா சயன்டிஸ்டுகள் வேண்டாம். மாதக் கடைசிக்குள் ஒவ்வொருவரும் வேறு பொறுப்பைத் தேர்ந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் கை குலுக்கி அனுப்பிவிடுவார்கள். கிருபாகரனுக்கு அவன் மேலாளர் சியாமளா புராடக்ட் மேனேஜர் பதவியைக் காட்டினாள். கணக்குப் போடும் வேலை இல்லை. வாடிக்கையாளரிடம் பேசி, என்ன கணக்குப் போடலாம் என்று முடிவு செய்யும் வேலை.

"இதுல யோசிக்க இன்னாப்பா கீது?" என்றாள் அவன் மனைவி ரோகிணி. கேளம்பாக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டே பேசுவது அவள் வழக்கம். "எங்க ஆஸ்பத்திரில வார்டுலேர்ந்து ஆபீஸுக்கு மாத்துனா கேக்கு வெட்டுவாளுங்க. நீ இன்னாடான்னா கெழங்கு மாதிரி ஒக்காந்துகினு கீறே."

"எனக்குத் தெரிஞ்சது கணக்குதான், ரோகிணி. பேசறது இல்ல."

"என்கிட்ட மட்டும் நல்லா பேசறியே" என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரம்தான் ஜெபா போன் செய்தாள். அவன் சித்தப்பா மகள், தாழைப்பாக்கம் காலனியில் இருப்பவள், எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவள். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் கார்களுக்கு ஒயர்கட்டு செய்யும் தொழிற்சாலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள்.

"அண்ணா, எங்கூடப் படிச்சாளே சஹானா, ஊர்ல பெரிய வூட்டுப் பொண்ணு, அவளுக்கு இன்டர்வியூ வந்துடுச்சு. என்னவிட மார்க்கு கம்மி அவளுக்கு. எனுக்கு வரல. கேட்டா, கம்ப்யூட்டரே வேணாம்னுடுச்சாம். நீதான் கம்ப்யூட்டர்ல கீறியே, அதுக்கு எம்மேல இன்னா கோவம்னு கேட்டுச் சொல்லேன்."

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தொழிற்சாலைக்கு விண்ணப்பங்களைச் சலித்துத் தருவது அவன் கம்பெனி. சலிக்கும் மாடல் அவன் கட்டியது.

கட்டும்போது அவன் கவனமாகத்தான் கட்டினான். கணக்கிலிருந்து பெயரை எடுத்தான். மதத்தை எடுத்தான். படித்த பள்ளியை எடுத்தான். முகவரியை மொத்தமாக எடுத்தான். காலனி என்ற சொல் முகவரியில் வந்தால் என்ன ஆகும் என்று அவனுக்கா தெரியாது? இத்தனையும் எடுத்துவிட்டு, கம்பெனி பஸ்ஸில் எந்த ஸ்டாப்பில் ஏறுவார் என்ற ஒன்றை மட்டும் விட்டுவைத்தான். அது தூரக் கணக்குக்கு. தூரம் அதிகமானால் ஆள் நிலைக்க மாட்டார் என்பது நியாயமான கணிப்புதானே என்று நினைத்தான்.

ஜெபாவின் விண்ணப்பத்தைத் திரையில் திறந்தான். சிவப்பு. ஓராண்டு நிலைக்க மாட்டார். எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, தாழைப்பாக்கம் காலனி ஸ்டாப் என்பதைத் தாழைப்பாக்கம் ஊர் ஸ்டாப் என்று மாற்றினான். பச்சை.

திரும்பவும் மாற்றினான். சிவப்பு. இன்னொரு தடவை. பச்சை. விளக்கு சுவிட்சைப் போட்டு அணைத்து விளையாடும் குழந்தைபோல் வெகுநேரம் அதையே செய்துகொண்டிருந்தான். ஷூ லேஸ் ஞாபகம் வந்தது. அந்தக் கட்டடத்தில் வேலை செய்யும் அத்தனை பேரிலும் இந்தத் தப்பைச் செய்யக்கூடாதவன் ஒருவன் உண்டென்றால் அது அவன்தான்.

முன்பு ஜோசியன் கட்டம் போட்டுச் சொன்னான், இன்ன நட்சத்திரத்தில் பிறந்தவள் குடும்பத்துக்கு ஆகமாட்டாள் என்று. படித்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். இப்போது அதே ஜாதகத்தை, பிறந்த நட்சத்திரத்துக்குப் பதில் ஏறும் ஸ்டாப்பை வைத்து, சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதுகிறார்கள். ஜோசியனையாவது ஏன் என்று கேட்டால் சனி, செவ்வாய் என்று எதையாவது உளறுவான். மாடல் அதுகூடச் சொல்லாது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனான். அந்தத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து பாதியில் நின்றவள் சாராள். ஜெபா வீட்டுக்கு எதிர்வீடு. வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"ஏன் நின்னுட்டே, சாராள்?"

"நான் எங்க நின்னேன்? பஸ்ஸுதான் நிக்கல." அரிவாள்மனையிலிருந்து கண் எடுக்காமல் சொன்னாள். "கம்பெனி பஸ்ஸு தெக்க கடப்பாக்கத்துலேர்ந்து வருது. மொதல்ல நம்ம ஸ்டாப்பு, அப்பாலதான் ஊர் ஸ்டாப்பு. நாங்க மொதல்ல ஏறுவோமா, சீட்டுல ஒக்காந்துடுவோம். ஊர்ப் பொண்ணுங்க ஏறும்போது எடம் இருக்காது. நாங்க ஒக்காந்துகினு வர, அவங்க நின்னுகினு வரணும். வுடுவாங்களா? ரெண்டே நாளு. பெரிய மனுசனுங்க வந்து டிரைவரான்ட பேசினானுங்க. அதுலேர்ந்து நம்ம ஸ்டாப்புல பஸ்ஸு மெதுவாகூடப் போறதில்ல."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, ஓட்டம்தான். பஸ்ஸு நம்மளத் தாண்டிப் போவும், நாங்க பின்னாடியே ஊர் ஸ்டாப்புக்கு ஓடுவோம். ஒருநாள் புடிப்போம், ஒருநாள் வுட்டுடுவோம். லேட்டுன்னா சம்பளம் புடிப்பாங்க, லீவுன்னா வார்னிங் குடுப்பாங்க. நல்லா பி.டி. உஷா கணக்கா ஓடினோம், போ. இந்தத் தெருவுல போன எல்லாரும் அப்புடித்தான் நின்னோம்."

"இதை யார்கிட்டயும் சொல்லலையா?"

"போவும்போது ஆபீஸ்ல ஒருத்தன் கேட்டான், ஏம்மா போறேன்னு. சொன்னேன். அவன் சொந்தக் காரணம்னு போட்டுகினான்." முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "ஏண்ணாத்த, நீ எதுக்கு இப்ப இதெல்லாம் கேக்குறே?"

அவன் சும்மாதான் என்றான்.

திங்கட்கிழமை சியாமளாவின் அறையில் எல்லாவற்றையும் சொன்னான். கெட்டவள் அல்ல அவள். கவனமாகக் கேட்டாள், முகம்கூடக் கொஞ்சம் சுருங்கியது.

"ஆனா கிருபா, மாடல் தப்பு சொல்லலையே. அந்த ஸ்டாப்ல ஏறினவங்க நிஜமாவே நிலைக்கலை. அது உண்மைதானே?"

"உண்மைதான் மேடம். ஒருத்தன் காலை ஒடைச்சுட்டு, இவனால ஓட முடியாதுன்னா அதுவும் உண்மைதான்."

"பஸ் எங்க நிக்கணும்ங்கறது டேட்டா டீமோட வேலை இல்ல. அதைத்தான் சொல்றேன், புராடக்ட்டுக்கு வாங்க. கிளையன்ட்கிட்ட நேரா பேசலாம். உங்களை மாதிரி ஒருத்தர் சொன்னா அவங்களும் கேப்பாங்க."

"என்னை மாதிரின்னா?"

சியாமளா பேனாவை மூடித் திறந்தாள். "அந்த ஏரியாக்காரர்னு சொல்ல வந்தேன்."

அவன் அந்தப் பதிலை விழுங்கிக்கொண்டான். விழுங்கிய கையோடு புராடக்ட் பதவியையும் ஏற்றுக்கொண்டான். கணக்குப் போடுகிற இடத்தில் நியாயம் கிடைக்காது, முடிவெடுக்கிற இடத்துக்குப் போனால் கிடைக்கும் என்று நம்பினான். படித்து மேலே வந்த பிள்ளைகளுக்கே உரிய நம்பிக்கை அது. மேஜையில் ஒரு நாற்காலி கிடைத்துவிட்டால் பேச்சு எடுபடும் என்று நினைப்பார்கள். மேஜையை யார் போட்டது என்று கேட்கத் தோன்றாது.

கூட்டம் மாமல்லபுரத்தில், கடல் பார்த்த ஒரு விடுதியில் நடந்தது. தொழிற்சாலையின் மனிதவள அதிகாரி ரவிச்சந்திரன் வந்திருந்தார். கலகலப்பான மனிதர், எல்லாரிடமும் குடும்பத்தை விசாரிப்பவர். கிருபாகரன் இரண்டு வாரம் உழைத்துத் தயாரித்ததைத் திரையில் காட்டினான். இரண்டு ஸ்டாப்புக்கும் இடையே தூரம் ஒரு பொருட்டே இல்லை, படிப்பில் வித்தியாசம் இல்லை, ஆனாலும் ஒரு ஸ்டாப்பில் ஏறியவர்களே வேலையை விட்டு நிற்கிறார்கள். காரணம், பஸ் அங்கே நிற்பதில்லை. யார் சொல்லி நிற்பதில்லை என்பதையும் சொன்னான்.

ரவிச்சந்திரன் கை தட்டினார். "பிரமாதம் சார். எங்க கண்ணுலயே படாத விஷயம். இதை உடனே சரி பண்ணிடறோம். ஒரே ஊருக்கு எதுக்கு ரெண்டு ஸ்டாப்பு? ஒண்ணாக்கிடுவோம். இந்தக் காலத்துல போய் ஊர், காலனின்னு! எல்லாரும் ஒரே எடத்துல ஏறட்டும். சமத்துவம்!"

"எந்த ஸ்டாப்பை வைப்பீங்க?"

"நிழற்குடை இருக்கே, அதைத்தான்."

"சார், பிரச்சினை ஸ்டாப்போட பேருல இல்ல. அவங்க அங்க நடந்து போய்…"

"தூரம் ஒரு பொருட்டே இல்லைன்னு நீங்கதானே சார் இப்ப காட்டினீங்க?"

மேஜையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. கெட்ட சிரிப்பு அல்ல. வேலை முடிந்தது, சாப்பிடப் போகலாம் என்கிற சிரிப்பு. கிருபாகரன் திரையைப் பார்த்தான். அவன் வாக்கியம் அங்கேயே இருந்தது.

ஸ்டாப்புகளை ஒன்றாக்கி மாடலை மறுபடி ஓட்டினார்கள். சிவப்பும் பச்சையும் ஸ்டாப் பார்த்து வருவது நின்றுபோயிற்று. ஜெபாவின் விண்ணப்பம் பச்சையானது. இந்தத் தேர்வுமுறையில் பாரபட்சம் ஏதும் இல்லை என்று ஓர் அறிக்கை தயாரானது, அவன் கையெழுத்துப் போட்டான். கணக்குப்படி அது பொய் இல்லை. ஜெபாவுக்கும் அவளோடு காலனிப் பெண்கள் நாலைந்து பேருக்கும் வேலை கிடைத்தது. சித்தப்பா போனில் அழுதார். நான்கு நாள் கிருபாகரன் நன்றாகத் தூங்கினான்.

சில மாதம் கழித்துத் தொழிற்சாலைக்கு ஒரு வேலையாகப் போனவன், திரும்பும்போது காரை அனுப்பிவிட்டு ஷிப்ட் முடிந்த பஸ்ஸில் ஜெபாவோடு ஏறினான். காலனிப் பெண்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். சில சீட்டுகளில் ஆளுக்குப் பதில் கைப்பை உட்கார்ந்திருந்தது. சஹானா ஜன்னலோரத்தில் இருந்தாள். ஜெபாவைப் பார்த்துப் புன்னகைத்தாள், பையை எடுக்கவில்லை.

"ஒக்காரலாமே" என்றான் மெதுவாக.

"ஒக்காரலாம். நாளைக்கு எங்கப்பன பஞ்சாயத்துக்கு இட்டுகினு போவானுங்க" என்றாள் ஜெபா. "காலைல நிழற்குடைக்கு உள்ள நாங்க நிக்கக் கூடாது, வெளிய வெய்யில்ல. கடைசியா ஏறணும். செங்கல்பட்டு வரைக்கும் நின்னுகினே போய், ஷிப்டு பூரா நின்னுகினே வேல செஞ்சி, நின்னுகினே வர்றோம். மூணு பேரு இந்த மாசத்தோட வர்லன்னுட்டாளுங்க. நல்ல எக்சர்சைஸ்ணா."

இருட்டத் தொடங்கியிருந்தது. பஸ் ஊர் ஸ்டாப்பை நெருங்கியபோது கிருபாகரன் டிரைவரிடம் போய், "அண்ணே, காலனி ஸ்டாப்புல நிறுத்துங்க" என்றான். பஸ்ஸுக்குள் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"அப்டி ஒரு ஸ்டாப்பே இல்ல சார் இப்ப. எல்லாரும் இங்கதான்."

"பஸ் அந்தப் பக்கம்தானே போவுது?"

"போவுது. நிக்காது."

இறங்கினார்கள். காலி சீட்டுகளோடு பஸ் தெற்கே போனது. காலனிப் பெண்கள் அதே வழியில் நடந்தார்கள். அவனுக்கு அந்தப் பாதையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் தெரியும். முன்பு காலனி என்ற பெயரை மறைக்க நடந்தான். இப்போது மறைத்துவிட்டான், எல்லாருக்குமாகச் சேர்த்து.

"முன்னெல்லாம் நம்ம ஸ்டாப்புல நிக்காமப் போறான்னு திட்டவாவது முடியும்" என்றாள் ஜெபா. "எவனோ மகராசன் ஸ்டாப்பையே எடுத்துட்டான். இப்ப யாரப் போய்த் திட்டுறது?"



மறுநாள் சியாமளாவிடம், "அந்த அறிக்கையிலிருந்து என் பேரை எடுத்துடுங்க மேடம்" என்றான்.

"பேரை எடுக்கலாம், கிருபா. அறிக்கை அப்படியேதானே இருக்கும். இன்னும் ரெண்டு கம்பெனி அதைப் பாத்துட்டு நம்மகிட்ட வந்திருக்காங்க."

"அப்ப என்னை மறுபடி மாடல் வேலைக்கே மாத்துங்க. உள்ளேர்ந்து பாக்கறேன்."

"அந்த வேலையே இப்ப இல்லையே. உங்க மாடலை வெச்சுத்தானே மென்பொருளுக்கு எல்லாம் கத்துக்குடுத்தோம்" என்றாள் சியாமளா. வருத்தத்தோடுதான் சொன்னாள்.

அவன் இராஜினாமா எழுதிக் கொடுத்தான். செங்கல்பட்டில் ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில், புகார்களை எழுதிப் பின்தொடரும் வேலைக்குச் சேர்ந்தான். ஒற்றை அறை, பாதி உடைந்த மின்விசிறி, சம்பளம் என்று சொல்லக் கூச்சப்பட வேண்டிய ஒரு தொகை.

ரோகிணி இந்தத் தடவை டூட்டிக்குக் கிளம்பாமல் உட்கார்ந்து பேசினாள். "நீ செய்றது சரிதான். சரின்னு எனக்கும் தெரியும். ஆனா சரியா செய்றதுக்கு நம்ம ஆளுங்களுக்குத்தான் எப்பவும் கைக்காசு போவுது பாரு. அந்த டிரைவருக்கு சம்பளம் கொறைஞ்சிதா? ரவிச்சந்திரனுக்குக் கொறைஞ்சிதா?" பிறகு இரட்டை ஷிப்ட் பார்க்கத் தொடங்கினாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் என்று அவனுக்கு இருந்தது.

இந்த ஆண்டு தொடக்கத்தில் ஜெபாவையும் சாராளையும் மனுதாரர்களாக வைத்து அவனே புகார் எழுதினான். ஸ்டாப்பை எடுத்தது, சீட்டு மறுப்பது, வேலையை விட்டு நின்றவர்களின் காரணத்தை மாற்றிப் பதிந்தது, எல்லாம். பன்னிரண்டு வருடம் ஆட்களை எடை போட்டவன், முதல்முறையாக ஒரு நிர்வாகத்தை எடை போட்டு எழுதியிருந்தான். நன்றாக எழுதியிருப்பதாக அவனுக்கே தோன்றியது.

தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. ரவிச்சந்திரன் உள்ளே வந்ததும் அவனைப் பார்த்து, "எப்படி சார் இருக்கீங்க? வீட்ல சௌக்கியமா?" என்று கேட்டார். பிறகு தன் பையிலிருந்து ஓர் அறிக்கையை எடுத்து அதிகாரியின் மேஜையில் வைத்தார். "வெளியாளுங்களை வெச்சே ஆய்வு பண்ணிட்டோம் சார். பாரபட்சம் ஏதும் இல்லை. எழுதினவரே இங்கதான் இருக்கார்."

அதிகாரி புரட்டினார். கடைசிப் பக்கத்தில் நிறுத்தி, கிருபாகரன் பக்கம் திருப்பினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"அப்ப இது பொய்யா, இல்ல நீங்க இப்ப குடுத்திருக்கறது பொய்யா?"

ஸ்டாப்பின் பெயரை எடுத்துவிட்டால் கணக்கில் வித்தியாசம் தெரியாது, தெரியாததால் இல்லை என்று ஆகாது என்பதை அவன் விளக்கத் தொடங்கினான். அது உண்மை. அதைச் சொல்ல நேரம் பிடித்தது. கையெழுத்தைப் பார்க்க நேரம் பிடிக்கவில்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வேறொரு நாளுக்குத் தள்ளிவைத்தார்.

சாராள் எழுந்து விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள். ஜெபா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். விடுப்பு எடுத்து வந்தவள், அன்றைய சம்பளம் போயிற்று.

"அண்ணா" என்றாள். "அந்த ஸ்டாப்பு எடுத்ததுக்கு நீயா கையெழுத்துப் போட்டே?"

"உனக்கு வேலை வரும்னு போட்டேன், ஜெபா."

"அதுல இன்னா எழுதிக் குடுத்தே?"

பன்னிரண்டு வருடம் பழகிய சொற்கள் எல்லாம் அவனுக்கு வாயில் வந்தன. எதுவும் அவளிடம் சொல்லும்படியாக இல்லை.

"ஊருக்கும் காலனிக்கும் வித்தியாசமே இல்லன்னு" என்றான்.

ஜெபா சிரித்தாள். போனில் முதல் நாள் சிரித்த அதே சிரிப்பு இல்லை அது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அவனுக்குக் காத்திருக்காமல் பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தாள்.